கந்தசட்டி விரதமும் ஏழெட்டு இளநீரும்

நான் ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. போன மாதம், மொன்றியலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்த் தாதிமார் சிலர் என்னை ஸூமில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பும் அவர்களே தந்தார்கள்: தாதிமார் அடையாளம் காண வேண்டிய பொதுவான இருதய நோய்கள். "அன்ரி, புத்தகத்தில இருக்கிறது எங்களுக்குத் தெரியும். நீங்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்றார் ஒரு பிள்ளை. இருதயப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் நின்றவளுக்குப் பேச என்ன பஞ்சம் என்று தைரியமாக எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தோடு பேனா நின்றுவிட்டது. அது நின்ற இடத்தில் ராசமலர் அக்கா இருந்தார். அவரைப் பற்றிச் சொன்னால் நான் எதைச் சொல்லித்தருகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. சொல்லாமல் விட்டால் மிஞ்சுவதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். அதனால் கூட்டத்துக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி முடித்தேன். அந்தப் பத்திரத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. ஆறு வருடம் நோயாளரைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றும் உதவியாளாக வேலை செய்தேன். பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் தேறினேன். இவ்வளவும் நாலு வரியில் முடிவது அநியாயம்தான், ஆனால் அழுது தீர்த்த விஷயங்களை மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் பிரிவின் தலைமைத் தாதி மதாம் ஜிசேல். ஆளும் சிறியவர், குரலும் சிறியது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பச்சை மையால் வட்டம் போடுவார், அவ்வளவுதான். வேலை நேரம் முடியும்போது எங்கள் குறிப்புகளை நின்றபடியே வாசிப்பார். "நாடி சாதாரணம்" என்று எழுதியிருந்தால் ஒரு வட்டம். "சாதாரணம் என்பது நீ கண்டதில்லை, நீ நினைத்தது" என்பார். எத்தனை துடிப்பு, ஒழுங்கா ஒழுங்கில்லையா, எந்தக் கையில் பார்த்தாய், அதை எழுது. "நோயாளி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தால் இன்னொரு வட்டம். யார் சொன்னது? நோயாளியா, மகளா, நீயே பார்த்தாயா? ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் அதைச் சொன்ன ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத செய்தி வதந்தி என்பது அவருடைய கட்சி. முதல் வருடம் என் குறிப்புகளெல்லாம் ஒரே பச்சை. வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்ப்பேன். என் கணவர், பாவம், இன்றுவரை மதாம் ஜிசேலை ஒரு ராட்சசி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

புதிதாக ஒரு நோயாளி வந்தால் மொனிட்டரைப் பார்க்க முன் நாங்கள் செய்ய வேண்டியவற்றையும் அவர் வகுத்து வைத்திருந்தார். மணிக்கட்டில் விரல் வைத்து முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கண்டுபிடித்துவிடுவார். பிறகு முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தி, பத்து எண்ணி, எடுத்துப் பார்க்க வேண்டும். குழி விழுந்து நின்றால் உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது. அடுத்தது கேள்வி: எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? போன மாதம் எத்தனை? ஒன்று மூன்றாகியிருந்தால் இருதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தால் அது சோற்றால் வந்த நிறையில்லை. நாடி எந்த ஒழுங்குக்கும் வராமல், ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக, தாளம் தெரியாதவன் தவில் தட்டுவதுபோல் இருந்தால் இருதயத்தின் மேலறைகள் நடுங்குகின்றன. அப்படியான ஆளுக்கு மூளையில் இரத்தக்கட்டி போய் அடைக்கக்கூடும் என்ற பயம் எப்போதும் இருக்க வேண்டும்.

மாரடைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவது குறைவு. களைப்பு என்பார்கள், வாய்வு என்பார்கள், தாடை எலும்பு நோகிறது என்பார்கள். கார்ட்டியர்வில் பக்கம் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைத்த ஒரு அம்மா, "மெட்ரோப் படியில இண்டைக்கு ரெண்டு இடத்தில நிண்டு வந்தனான், வேற ஒண்டும் இல்லை" என்றார். முகத்தில் வியர்வை, வெளியே பனி. உடனே ஈசிஜி எடுத்தோம். அவருக்கு அப்போது மாரடைப்பு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் என்னைப் பெரிய ஆளாகப் பார்ப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்வானேன்.

இதுவரை எழுதியதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இனித்தான் இருக்கிறது.

ராசமலர் அக்காவை எனக்குக் கோயிலில் தெரியும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். தையல் ஆலையில் வேலை செய்து ஓய்ந்தவர். வில்லரேயில் மகள் கௌசியோடும் மருமகனோடும் இருந்தார். இருதயம் பலவீனமானதால் எங்கள் மருத்துவமனைக் கிளினிக்குக்கும் வந்துபோனார். இப்போதும் அவர் வில்லரேயில்தான் இருக்கிறார், நல்லாக இருக்கிறார். கடையில் என்னைக் கண்டால் வண்டிலைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். அதற்குக் காரணம் நான்தான்.

எங்கள் ஆட்கள் டொக்டரிடம் கேட்க வேண்டியதை டொக்டரிடம் கேட்பதில்லை. கோயிலில், செருப்பும் பனிச்சப்பாத்தும் கழற்றி வைக்கும் இடத்தில், தாதியை "மிஸ்ஸி" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். எனக்கு மருத்துவமனையில் இருந்த நோயாளரைவிட அந்த இடத்தில் அதிகம். ஒரு காலில் சப்பாத்தோடு நின்று பிறஷர் குளிசைக்கும் சீனி வருத்தத்துக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். கந்தசட்டி தொடங்கின அன்று காலை ராசமலர் அக்கா அங்கேதான் என்னைப் பிடித்தார். இடது கையில் தர்ப்பைக் காப்புக் கட்டியாகிவிட்டது.

"மிஸ்ஸி, இந்த முறையும் ஆறு நாளும் பிடிக்கப்போறன். டொக்டருக்குச் சொல்லேல்லை. சொன்னா விடமாட்டார்."

"அக்கா, உங்கட உடம்புக்கு இது கூடாது. பாலும் பழமும் எண்டாலும் எடுங்கோவன்."

"இல்லை. கௌசிக்கு முப்பத்தெட்டு முடியுது, இன்னும் ஒரு பிள்ளை இல்லை. அவையள் ஊசி எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

விரதத்தை நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார், குளிசைகளையும் சேர்த்து நிறுத்திவிடுவார் என்பதுதான் என் பயம். நீர் குடிக்காமல் கிடந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்பது அடுத்த பயம். அதனால் சொன்னேன்: "சரி, ஆனா ஒரு குளிசையும் விடக்கூடாது. தண்ணி குறையவிடாதேங்கோ. இளநீர் குடியுங்கோ, அது நல்லது."

இளநீர் குடியுங்கோ. எத்தனை என்று நான் சொல்லவில்லை. அவர் எடுத்த குளிசைகளில் இரண்டு, உடம்பிலுள்ள பொட்டாசியத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பவை. இளநீரிலோ பொட்டாசியம் நிறைய இருக்கிறது. இது இரண்டும் எனக்குத் தெரியும். ஒரு பரீட்சையில் கேட்டிருந்தால் உடனே எழுதியிருப்பேன். அன்று அந்த இடத்தில் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏன் என்று இத்தனை வருடம் கேட்டுப் பார்த்தும் எனக்குப் பதில் வரவில்லை. தாதியாக நின்று சொன்னேனா, கோயிலுக்கு வந்த இன்னொரு பெண்ணாக நின்று சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பகல், வீட்டில் கால் சோர்ந்து விழுந்தவரை அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். நாடி மிகவும் மெதுவாக இருந்ததால், தற்காலிகமாக ஒரு பேஸ்மேக்கர் வைக்கும் யோசனையோடு அவசரப் பிரிவிலிருந்து நேரே எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு வரும்போதே ஆளை அடையாளம் கண்டேன். மணிக்கட்டைப் பிடித்தேன். முப்பத்தாறு. காப்பு அப்படியே இருந்தது. மொனிட்டரில் அலைகள் அகன்று, முதலில் வர வேண்டிய சின்ன அலை காணாமல் போய், கடைசி அலை கூடாரம்போல் கூராக எழும்பி நின்றது. பொட்டாசியம் ஏறினால் அலை இப்படித்தான் மாறும்.

பயிற்சியில் இருந்த டொக்டர் எத்தியென்தான் அப்போது பொறுப்பு. கெட்டிக்காரர், கொஞ்சம் பதற்றக்காரர். இரத்தப் பரிசோதனைச் சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. பொட்டாசியம் மிக அதிகம், ஆனால் இரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்திருக்கின்றன, இந்த எண்ணை நம்ப வேண்டாம், மறுபடி அனுப்புங்கள். அப்படி உடைந்தால் இல்லாத பொட்டாசியம் இருப்பதாகக் காட்டும். அது உண்மைதான். "அப்படியென்றால் மறுபடி எடுப்போம். அதற்குள் பேஸ்மேக்கருக்கு ஆயத்தம் செய்வோம்" என்றார் எத்தியென்.

மறுபடி எடுத்து முடிவு வர அரை மணியாவது ஆகும். அலைகள் என் கண் முன்னே இன்னும் அகன்றுகொண்டிருந்தன. நான் குனிந்து கேட்டேன்.

"அக்கா, ஒரு நாளைக்கு எத்தினை இளநீர் குடிச்சனீங்கள்?"

"ஏழெட்டு," என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நல்லதெண்டு."

"டொக்டர், அந்த எண் சரி" என்று பிரெஞ்சில் சொன்னேன். "ஐந்து நாளாக இவர் விரதம். இளநீர் மட்டும் குடிக்கிறார், குளிசைகளை விடவில்லை. இருதயம் நின்றுவிடாமல் காக்கக் கல்சியம் இப்போதே கொடுக்க வேண்டும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையில் விரதக் காப்பு இருக்கிறது. எங்கள் வழக்கம்" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. என் முகம் மட்டும் சூடாகிவிட்டது.

அவர் ஒரு கணம் யோசித்தார். கல்சியத்தால் பெரிய கெடுதல் இல்லை, கொடுங்கள் என்றார். நானே மெதுவாக ஏற்றினேன், கண்ணை மொனிட்டரிலிருந்து எடுக்கவில்லை. மூன்று நிமிடத்தில் அலைகள் ஒடுங்கத் தொடங்கின. சின்ன அலை திரும்பி வந்தது. நாடி ஐம்பதுக்கு மேலே போனது. பிறகு பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்தோம். இரண்டாம் தரம் அனுப்பிய இரத்தத்திலும் எண் அதேதான். பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. எத்தியென் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். "பிரமாதம்" என்றார். எனக்கு ஓடி ஒளிய வேண்டும்போல் இருந்தது.

பின்னேரம் ராசமலர் அக்கா தெளிந்து எழும்பி இருந்தார். எத்தியென் கட்டிலருகே வந்து, மொழிபெயர்க்கும்படி என்னைக் கேட்டார். "இளநீர் குடிக்கச் சொன்னது யார் என்று கேளுங்கள். நாட்டு வைத்தியர் யாராவது இருந்தால் நாங்கள் அவரோடு பேச வேண்டும்."

நான் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது? "அக்கா, இளநீர் குடிக்கச் சொன்னது ஆரெண்டு டொக்டர் கேக்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்து, தமிழிலேயே, நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் குடிச்சனான்."

மொழிபெயர்ப்பவர் நோயாளி சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும், தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறார்கள். தாதி தனக்குத் தெரிந்த உண்மையை மறைக்கக் கூடாது என்றும் எடுத்திருக்கிறார்கள். இரண்டு வேலையையும் ஒரே வாயால் செய்யும்போது எதை விடுவது என்று ஒருவரும் எடுக்கவில்லை. "யாரும் சொல்லவில்லை, தானாகவே குடித்தேன் என்கிறார்" என்றேன். எத்தியென் குறித்துக்கொண்டு போனார். ராசமலர் அக்கா என் கையைத் தட்டி, "விடுங்கோ மிஸ்ஸி, பிழைச்சிட்டன்தானே" என்றார். நன்றியா வெட்கமா என்று தெரியாமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை முடிந்து குறிப்பு எழுத உட்கார்ந்தேன். "இளநீர், நாளுக்கு ஏழெட்டு, நோயாளி சொன்னது." இதுவரை சரி. "ஆலோசனை யாரும் சொல்லவில்லை, நோயாளி சொன்னது." இதுவும் மதாம் ஜிசேலின் சட்டப்படி சரி. ஒரு பச்சை வட்டமும் விழாது. ஆனால் இளநீர் குடிக்கச் சொன்ன ஆள் அதில் இல்லை. எழும்பிப் போய் அவருடைய அறைக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றோ, தட்டிக்கொடுப்பார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை குடிக்கச் சொன்னாய்?"

"எண்ணிக்கை சொல்லவில்லை."

"விரதம் ஏன் என்று சொன்னாரா?"

"மகளுக்குக் குழந்தை வேண்டி."

"எல்லாவற்றையும் எழுது" என்றார். அவ்வளவுதான். நான் எழுதினேன்: விரதத்தின் முதல் நாள், கோயிலில், இளநீர் குடிக்கும்படி நானே சொன்னேன். அளவு சொல்லவில்லை. விரதத்தின் காரணம் மகளுக்குக் குழந்தை வேண்டி, நோயாளி சொன்னது. கீழே கையெழுத்து.

எனக்குத் தண்டனை ஒன்றும் வரவில்லை. ஒரு கூட்டம் வைத்தார்கள், விரதம் பிடிப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் குழப்பம் இன்னும் கூடியது. ராசமலர் அக்கா அந்த மாதம் முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய குளிசையும் போட்டிருக்கிறார், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். உப்பைக் குறைக்கச் சொன்னதால் விரதத்துக்கு முன் வாரக்கணக்கில், உப்புக்குப் பதிலாக விற்கும் மாற்று உப்பைப் பாவித்திருக்கிறார், அது முழுக்கப் பொட்டாசியம். அதைச் சிபாரிசு செய்தது எங்கள் கிளினிக். ஆக, யாருடைய பிழை எத்தனை பங்கு? மருந்தாளர் ஒன்று சொன்னார், டொக்டர் ஒன்று சொன்னார். இளநீர் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்றார் ஒருவர். இளநீர் இல்லாவிட்டால் வந்திருக்காது என்றார் மற்றவர். என்னைச் சமாதானப்படுத்த யாரை நம்புவது என்றே எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு நிபுணரிடம் காட்டுவதற்காகக் கௌசி தாயிடம் கையெழுத்து வாங்கி, கோப்பின் பிரதியை எடுத்தார். கௌசி பிரெஞ்சில் படித்த பிள்ளை. எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ராசமலர் அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"நான் உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை. நீங்கள் என்னைக் காட்டிக் குடுத்திட்டீங்கள்."

"அக்கா, நான் என்ர பிழையைத்தான் எழுதினனான்."

"என்ர நேர்த்திக்கடனையும் எழுதினனீங்கள். பிள்ளை அழுறாள். தன்ர வயித்துக்காக அம்மா சாகப் பாத்தவ எண்டு அழுறாள். இனி இந்தக் கதையே எடுக்கக்கூடாதாம்." சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

என் மனச்சாட்சியைக் கழுவ அவருடைய இரகசியத்தை எடுத்தேனா? அந்தக் காரணம் எழுதப்பட வேண்டியதா, இல்லையா? அடுத்த விரதத்தை டொக்டர்கள் முன்கூட்டியே அறிய அது தேவை என்று மதாம் ஜிசேல் சொன்னார். தாயும் மகளும் சண்டை பிடிக்காமல் இருப்பதும் இருதயத்துக்குத் தேவைதானே என்று நான் நினைத்தேன். நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கந்தசட்டி முடிய ஒரு நாள் இருக்கையில் ராசமலர் அக்கா மறுபடி எங்கள் பிரிவுக்கு வந்தார். இந்த முறை மூச்சு. நிமிர்ந்து உட்கார்ந்தபடி, வசனம் முடிக்க முடியாமல், நுரையீரல் முழுக்க நீர். முழங்காலுக்குக் கீழே அழுத்தினால் என் விரல் நுனி மறையுமளவுக்குக் குழி. கையில் காப்பு இல்லை. மகள் பார்த்துவிடுவாள் என்று கட்டவில்லை என்பது எனக்குப் பார்த்ததுமே விளங்கியது. கௌசி லாசாலில் வேலையில் இருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தார்.

நீர் வெளியேற ஊசி போட்டு, ஒட்சிசன் கொடுத்து, கொஞ்சம் மூச்சு வந்தபிறகு கோப்பு மட்டையோடு கட்டிலருகே போனேன்.

"அக்கா, குளிசை எல்லாம் எடுத்தனீங்களோ?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மறுபடி கேட்டேன்.

"உங்களுக்குச் சொன்னா நீங்கள் எழுதுவீங்கள்" என்றார்.

எந்தக் குளிசையை எத்தனை நாள் விட்டார் என்று தெரியாமல், பழைய அளவில் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினால் பிறஷர் விழுந்துவிடும். அடுத்து வரும் தாதிக்கும் டொக்டருக்கும் அது தெரிய வேண்டும். நான் மட்டையை ஜன்னலோரம் வைத்தேன். பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டேன். செய்யக் கூடாது என்று தெரிந்தும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"எழுதேல்லை அக்கா. சொல்லுங்கோ."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். போன முறை இளநீரும் குளிசையும் சேர்ந்துதானே மோசம் செய்தது, அதனால் இந்த முறை இரண்டும் வேண்டாம் என்று தானே யோசித்து, எல்லாக் குளிசையையும் ஐந்து நாளாகத் தையல் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். கேட்பதற்கு ஆள் இல்லை என்றார். "முந்தி உங்களைக் கேக்கிறனான்" என்றார். பிறகு, "கௌசிக்குத் தெரியவேண்டாம் மிஸ்ஸி" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.

அவர் கண்ணை மூடி, தலையணையில் சாய்ந்தார். நான் மட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் எழுதினேன்.